நோயாளியின் பெயர்: எஃப் பிளாக்

ஜெகதாவுக்கு இதய வால்வை மாற்றத் தேவையில்லை என்று ஆயுள்மானி சொன்னது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். இளந்தென்றல் நகர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அன்றைக்கு எழுபது டோக்கன். ஜெகதாவினுடையது பதினெட்டு.

ஆயுள்மானி பார்ப்பதற்கு ஒரு டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு ரத்தம், கழுத்தில் தொங்கும் சுகாதார அட்டை, இரண்டையும் கொடுத்தால் நாற்பது விநாடியில் ஒரு சீட்டைத் துப்பும். இந்த மனிதர் எத்தனை வயது வரை இருப்பார், எந்தச் சிகிச்சை கொடுத்தால் எத்தனை வருஷம் கூடும், எல்லாம் அதில் இருக்கும். அறுவை சிகிச்சைக்கான வரிசை நீண்டுகொண்டே போய், யாருக்கு முதலில் என்ற சண்டை சட்டசபை வரைக்கும் போன சமயத்தில் வந்தது அந்தச் சட்டம். இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயுளைக் கூட்டும் என்று ஆயுள்மானி சொல்கிற எந்தச் சிகிச்சையையும் முப்பது நாளைக்குள் அரசாங்கம் கொடுத்தாக வேண்டும். அதற்குக் குறைவென்றால் கிடையாது. சிபாரிசு செல்லாது. மந்திரியின் மச்சானுக்கும் அதே நாற்பது விநாடிதான். ஜனங்கள் அதைக் கொண்டாடினார்கள். இந்த நிலையத்து டாக்டர் சுகிர்தாவும் அப்போது கொண்டாடினவள்தான்.

ஜெகதாவின் சீட்டில் இப்படி இருந்தது: ‘வால்வு மாற்று அறுவை: கூடும் ஆயுள் ஒரு வருஷம் நாலு மாதம். தகுதி இல்லை.’

“அப்டின்னா இன்னா டாக்டரம்மா?” என்று கேட்டாள் ஜெகதா. நாற்பத்து நாலு வயது. அடையாறில் மூன்று வீடுகளில் சமையல். முன்பு ஆற்றங்கரையில் குடிசை இருந்தபோது நடந்தே வேலைக்குப் போவாள். குடிசைகளை எடுத்துவிட்டு, ஊருக்கு வெளியே இந்த எட்டு மாடிக் கட்டடங்களில் கொண்டுவந்து வைத்த பிறகு, இரண்டு பஸ் மாறிப் போகிறாள். எஃப் பிளாக், ஏழாவது மாடி. பேசும்போதே மூச்சு வாங்கியது.

சுகிர்தா சீட்டை இன்னொரு தடவை வாசித்தாள். போன மாதம் முழுக்க, கடற்கரைப் பக்கம் பங்களாக்காரர்கள் வரும் ஒரு சுகாதார நிலையத்தில் மாற்று வேலை பார்த்தாள். அங்கே ஒரு பெண்மணி வந்தார். அதே நாற்பத்து நாலு, அதே வால்வு, கசிவு இதைவிட அதிகம். அவருடைய சீட்டில் ஒன்பது வருஷம் கூடும் என்று இருந்தது. இரண்டாம் வாரமே ஆபரேஷன் முடிந்து, ஸ்வீட் பாக்ஸோடு வந்து நின்றார்.

ஆயுள்மானியின் பக்கவாட்டில் ‘காரணம்’ என்று ஒரு பொத்தான் உண்டு. எழுபது டோக்கன் நிற்கும்போது யாரும் அதை அழுத்துவதில்லை. சுகிர்தா அழுத்தினாள். ஒரு முழம் நீளத்துக்குத் தாள் வந்தது. செவிலியர் மும்தாஜ் அதைக் கிழித்து வாசித்தாள்.

“வசிப்பது ஏழாவது மாடி. லிஃப்ட் பதினோரு மாசமா ஓடல. ஒரு நாளைக்கு முப்பத்தெட்டு கிலோ தண்ணி தூக்கிட்டு ஏறுறாங்க. தண்ணி லாரி வெள்ளன மூணு மணிக்கு வர்றதால தூக்கம் நாலு மணி இருபது நிமிஷம். பஸ்ல நிக்கிறது மூணேகால் மணி நேரம். ராத்திரி வீட்டுக்குள்ள சூடு முப்பத்தஞ்சு டிகிரி. கீழே சாக்கடை…” மும்தாஜ் நிறுத்தினாள். “இதுக்கெல்லாம் மெஷினா வேணும் மேடம்? நானும் இங்க சி பிளாக்லதான குடியிருக்கேன். என்னைக் கேட்டா சொல்லியிருப்பேனே.”

“இதுக்கு எப்படித் தெரியும் இவ்ளோ?” என்றாள் ஜெகதா, தன் கழுத்து அட்டையைத் தொட்டுப் பார்த்தபடி.

“அந்த அட்டைதான் எல்லாத்தையும் குறிச்சுக்குது. நீங்க படி ஏறுறது, நெஞ்சு அடிக்கிறது, ரூம் சூடு, எல்லாம்” என்றாள் சுகிர்தா. “வால்வை மாத்தினாலும் நீங்க அதே படியைத்தான் ஏறப் போறீங்க, அதனால பிரயோஜனமில்லைன்னு சொல்லுது.”

“படி ஏறுனா சாவேன், அதனால வைத்தியம் வேணாம். அப்டியா?”

சுகிர்தா திரையில் ஒரு கேள்வியைத் தட்டினாள். டாக்டர்கள் வழக்கமாக அங்கே மருந்தின் பெயரைத்தான் போடுவார்கள். அவள் ‘லிஃப்ட்’ என்று போட்டாள். ஆயுள்மானிக்கு மருந்து எது, இரும்புப் பெட்டி எது என்ற பேதமெல்லாம் சொல்லித் தரப்படவில்லை போலிருக்கிறது. நாற்பது விநாடியில் சீட்டு வந்தது. ‘மின்தூக்கி: கூடும் ஆயுள் இரண்டு வருஷம் ஏழு மாதம். தகுதி உண்டு. மின்தூக்கியோடு வால்வு மாற்று அறுவை: எட்டு வருஷம். தகுதி உண்டு.’

மும்தாஜும் சுகிர்தாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சுகிர்தா மருந்துச்சீட்டை இழுத்து, நிறுத்தி நிதானமாக எழுதினாள்: ‘லிஃப்ட், எஃப் பிளாக். தினமும். வாழ்நாள் முழுக்க.’ கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினாள்.

மூன்றாம் நாள் தலைமை அலுவலகத்திலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். இணை இயக்குநர் சேதுராமன் சத்தம் போடுகிற ஆள் இல்லை. ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. காபி வரவழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் பேச்சை ஆரம்பித்தார்.

“லிஃப்ட் ஒரு மருந்தாம்மா?”

“சட்டத்துல மருந்துன்னு எங்கயும் இல்ல சார். சிகிச்சைன்னு இருக்கு. எது சிகிச்சைன்னு ஆயுள்மானி சொல்லணும்னு இருக்கு. சொல்லிடுச்சு.”

“விளையாட்டா பண்ணியிருப்பீங்க. ஆனா இங்க கம்ப்யூட்டர்ல முப்பது நாள் ஓட ஆரம்பிச்சாச்சு. முடிஞ்சா கோர்ட்டுக்குத் தானாவே தகவல் போயிடும். லிஃப்ட் எங்க டிபார்ட்மெண்டே கிடையாது, வீட்டு வசதிக்காரங்களோடது.”

“ஆயுள் உங்க டிபார்ட்மெண்ட்தானே சார்?”

சேதுராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபப்படவில்லை. “பார்க்கலாம்” என்றார்.

இருபத்தாறாம் நாள் உத்தரவு வந்தது. லிஃப்டைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. துறையில் யாரோ புத்திசாலி ஆயுள்மானியிடம் வேறொரு கேள்வி கேட்டிருந்தார். ‘வசிப்பிட மாற்றம்: கூடும் ஆயுள் பத்து வருஷம். தகுதி உண்டு.’ ஜெகதாவுக்கு நகரத்துக்குள்ளே, ஒரு பூங்காவுக்கு எதிரே, அரசுக் குடியிருப்பில் தரைத்தளத்தில் வீடு ஒதுக்கப்பட்டிருந்தது. அங்கே குடிபோன கையோடு அறுவை சிகிச்சைக்கும் தேதி கொடுத்தார்கள்.

ஜெகதா உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். அவளும் அவள் புருஷனும் ஒரு குட்டியானை வண்டியில் சாமானை ஏற்றிக்கொண்டு போனார்கள். சுகிர்தா வாசலில் நின்று கையசைத்தாள். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தாள். ஒரு மாதம் வரைக்கும் அந்த நினைப்பு நீடித்தது.

அப்புறம் ஒருநாள் காலை பத்து மணிக்கு, டோக்கன் எடுக்காமல், வரிசையை விலக்கிக்கொண்டு ஜெகதா உள்ளே வந்தாள். முகம் தெளிந்திருந்தது. ஆபரேஷன் தழும்பு ஜாக்கெட்டுக்கு மேலே கொஞ்சம் தெரிந்தது. மூச்சு வாங்கவில்லை. ஆனால் கோபமாக வந்திருந்தாள்.

“விட்டுட்டுப் போன தையல் மெஷினை எடுக்க வந்தேன். என் வூட்ல யாரு இருக்காங்க தெரியுமா டாக்டரம்மா?”

“யாரு?”

“ரோஸின்னு ஒரு பொண்ணு. கால்வாய் ஓரத்துல இருந்தவங்களைக் கிளப்பி இங்க போட்டிருக்காங்க. இருபத்தாறு வயசு. ஆறு மாசம் புள்ளத்தாச்சி. ரெண்டு குடம் தண்ணிய இடுப்புல ஒண்ணு, கைல ஒண்ணா தூக்கிக்கினு ஏறுது. அஞ்சாவது மாடில நின்னு செவுத்தப் புடிச்சிக்கிச்சு. நான் நின்ன அதே எடம்.” ஜெகதா நாற்காலியில் உட்கார்ந்தாள். “என் நோவைக் கழட்டி அந்தப் பொண்ணு மேல மாட்டிட்டுப் போயிட்டேன் நான். எனக்கு ஆபரேஷன் பண்ணாங்களே, அந்த வூட்டுக்கு யாரு பண்ணாங்க?”

வெளியே யாரோ டோக்கன் நம்பர் கேட்டார்கள். மும்தாஜ் கதவைச் சாத்தினாள்.

சுகிர்தா பிறந்த குழந்தைகளின் பதிவேட்டை எடுத்துப் புரட்டினாள். அவளே எழுதியதுதான். இந்த நகரில் பிறக்கும் குழந்தைகளுக்கு ஆயுள்மானி ஐம்பத்து மூன்று, ஐம்பத்தைந்து என்று போடும். கடற்கரைப் பக்கம் எண்பதுக்குக் குறைந்து அவள் பார்த்ததில்லை. மூன்று கிலோ எடை, நல்ல அழுகை, பத்து விரல். இரண்டு இடத்திலும் குழந்தை ஒன்றுதான்.

“ஜெகதாம்மா சொல்றது சரி” என்றாள். “நான் நோயாளியைத் தப்பாப் பதிஞ்சுட்டேன். சிஸ்டர், புது நோயாளி ஒண்ணு பதியணும். பேர் எஃப் பிளாக்.”

மும்தாஜ் சிரிக்கவில்லை. யோசித்தாள். “பதிஞ்சா ரத்தம் கேக்குமே மேடம்? கட்டடத்துக்கு ரத்தத்துக்கு எங்க போறது?”

“உள்ள இருக்கிறவங்க ரத்தம்தான் அதோட ரத்தம். எல்லார்கிட்டயும் ஒரு சொட்டு வாங்கி, ஒண்ணாக் கலந்து கொடுப்போம். நோய் பரவுன காலத்துல லேப்ல அப்படித்தானே பண்ணோம்? கட்டடத்தை எந்தக் குட்டியானையில ஏத்தி எங்க கொண்டுபோவாங்க, பார்க்கலாம்.”

எட்டு நாள் ஆயிற்று. அறுபத்து நாலு வீடு. மதியம் ஓ.பி. முடிந்ததும் சுகிர்தாவும் மும்தாஜும் மாடி மாடியாக ஏறினார்கள். சிலர் கதவைத் திறக்கவே இல்லை. ரத்தத்தை எடுத்துக் கணக்குப் பண்ணி வீட்டைப் பிடுங்கிவிடுவார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. ஜெகதா தினமும் பஸ் பிடித்து வந்து, படிக்கட்டின் அடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். ஏறுகிறவர், இறங்குகிறவர் ஒவ்வொருவரிடமும் தழும்பைக் காட்டிப் பேசினாள். “எனக்குக் குடுத்த வாழ்வு உனக்கும் குடுக்கணும்னுதான் கேக்குறாங்க. விரலை நீட்டு.”

ஆறாவது மாடியில் தசரதன் என்ற பழைய லாரி டிரைவர் இருந்தார். அறுபத்தொரு வயது. இதயத்தில் மூன்று அடைப்பு. ஆயுள்மானி அவருக்கும் ‘தகுதி இல்லை’ என்று சொல்லி ஒரு வருஷம் ஆகிறது. கீழே இறங்கினால் ஏற முடியாது என்பதால் இறங்குவதே இல்லை. பால்கனியில் உட்கார்ந்து, போகிற வருகிற வண்டிகளுக்கு மேலிருந்தே வழி சொல்லிக்கொண்டிருப்பார். “எடுத்துக்கம்மா, டீசல்தான் வரும்” என்று விரலை நீட்டினார். அதோடு நிற்காமல் அந்த மாடியில் திறக்காத மூன்று கதவுகளையும் அவரே தட்டித் திறக்க வைத்தார்.

இருநூற்று எழுபத்தொரு பேர். அட்டைகள் எல்லாவற்றையும் ஒரே பெயருக்குக் கீழே இணைத்தார்கள். பதிவுப் படிவத்தில் பெயர்: எஃப் பிளாக். வயது: இருபத்து மூன்று, கட்டி அத்தனை வருஷம் ஆகிறது. பாலினம் என்ற இடத்தில் மும்தாஜ் யாரையும் கேட்காமல் ‘பெண்’ என்று போட்டாள். காப்பாளர் என்ற இடத்தில் சுகிர்தா தன் பெயரையும் பதிவு எண்ணையும் எழுதினாள்.

நாற்பது விநாடிக்குப் பதிலாக இந்தத் தடவை ஆறு நிமிஷம் ஆயிற்று. ‘எதிர்பார்க்கும் ஆயுள்: ஐம்பத்து நாலு. வசிப்பிட மாற்றம்: பொருந்தாது. மின்தூக்கி: தகுதி உண்டு. பகலில் குழாய்த் தண்ணீர்: தகுதி உண்டு. மூடிய சாக்கடை: தகுதி உண்டு. நேர்ப் பேருந்து: தகுதி உண்டு.’

சுகிர்தா நாலு மருந்துச்சீட்டு எழுதினாள்.

இந்தத் தடவை காபி கிடைக்கவில்லை. மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு. சேதுராமன் ஓரமாக உட்கார்ந்திருந்தார். பொய்ப் பதிவு செய்தால் டாக்டராக வேலை பார்ப்பதற்கான பதிவையே ரத்து செய்யலாம் என்று குழுத் தலைவர் விதியை வாசித்துக் காட்டினார்.

“நோயாளி என்றால் உயிர் இருக்க வேண்டும் டாக்டர்.”

“இருக்கு சார். இருநூத்தி எழுபத்தோரு உயிர் இருக்கு.”

“கேலி பேச வேண்டாம்.”

“நான் கேலி பேசல. ஜெகதாவுக்கு வியாதின்னு அவங்களை வேற இடத்துக்கு மாத்துனீங்க. வியாதி அவங்களோட போகல சார். அங்கயே இருந்துச்சு. அடுத்த வாரமே இன்னொரு பொண்ணைப் புடிச்சுக்கிச்சு. எது ஆளை விட்டு ஆளைப் புடிக்குதோ, அங்கதானே நான் வைத்தியம் பார்க்கணும்?”

தலைவர் கோப்பை மூடினார். முடிவு பின்னால் தெரிவிக்கப்படும் என்றார்கள்.

மருந்துச்சீட்டு எழுதிச் சரியாக இருபத்தொன்பதாம் நாள் மதியம் சேதுராமன் போன் செய்தார். “உங்க மேல நடவடிக்கை எதுவும் இல்லம்மா. நான் பேசிட்டேன். ஆனா எஃப் பிளாக் பதிவு ரத்து. இனிமே இந்த மாதிரி யாரும் பண்ண முடியாது. ஆயுள்மானியிலருந்து முகவரியையே எடுத்துட்டாங்க. அட்டையில இருக்கிற சூடு, படி, தண்ணி எல்லாத்தையும் எடுத்தாச்சு. இன்னிலருந்து அது உடம்பை மட்டும்தான் பார்க்கும். மாநிலம் முழுக்க.”

விஷயத்தைக் கேட்டதும் மும்தாஜ் கையிலிருந்த பஞ்சுத் தட்டை மேசையில் ஓங்கி வைத்தாள். “எட்டு நாள் மேடம். முட்டி தேய ஏறினோம்.”

சுகிர்தா சிதறிய பஞ்சுகளைக் குனிந்து பொறுக்கினாள். பிறகு மெதுவாக நிமிர்ந்தாள்.

“சிஸ்டர், தசரதன் சாரோட பழைய ரத்த மாதிரி ஃபிரிட்ஜ்ல இருக்கா?”

“இருக்கு. எதுக்கு?”

“போடுங்க.”

நாற்பது விநாடி. ‘பைபாஸ் அறுவை: கூடும் ஆயுள் ஒன்பது வருஷம். தகுதி உண்டு.’

மும்தாஜ் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இதே ரத்தம்தானே மேடம், போன வருஷம் இல்லைன்னு சொன்னது?”

“நம்மளை அடக்கறதுக்காக அதோட கண்ணைக் கட்டிட்டாங்க சிஸ்டர். கண்ணைக் கட்டினா எஃப் பிளாக்கும் தெரியாது, அடையாறும் தெரியாது. எல்லாம் ஒரே மாதிரிதான்.” அவள் எழுந்து பீரோவைத் திறந்தாள். ‘தகுதி இல்லை’ என்று முத்திரை குத்தின கோப்புகள் இரண்டு அடுக்கு இருந்தன. “எத்தனை பேர் இருப்பாங்க?”

“இருநூத்திப் பதினாலு. செத்துப்போனவங்களை எடுத்துட்டா நூத்தித் தொண்ணூறு சொச்சம்.”

“ஒருத்தர் விடாம போடுவோம்.”

அந்த வாரம் முழுக்க அதே வேலை. மற்ற மறுகுடியமர்வு நகர்களில் இருந்த டாக்டர்களுக்கும் சுகிர்தா செய்தி அனுப்பினாள். பத்தாவது நாள் சேதுராமன் கூப்பிட்டபோது அவர் குரலில் முதல்முறையாகப் பதற்றம் இருந்தது. “என்னம்மா பண்றீங்க? ஒரே வாரத்துல நாலாயிரம் ஆபரேஷனுக்குச் சீட்டு!”

“சட்டத்தை நான் மாத்தல சார். நீங்கதான் மாத்துனீங்க.”

முகவரியை மறுபடி சேர்க்கவும் வழியில்லாமல் போயிற்று. முகவரியைப் பார்த்து வைத்தியத்தை மறுத்தோம் என்று எழுத்தில் ஒப்புக்கொள்ள யாருக்கும் துணிச்சல் இல்லை. அரசு மருத்துவமனைகளில் அறுவை அரங்குகள் ஞாயிற்றுக்கிழமையும் நடந்தன.

தசரதனுக்கு இரண்டாம் வாரத்தில் பைபாஸ் ஆயிற்று. நாலு பேர் நாற்காலியோடு சுமந்து இறக்கியபோது, “நான் திரும்பி வர்றப்போ நடந்தே ஏறுவேன், பாருங்கடா” என்று சொல்லிவிட்டுப் போனார். பத்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆட்டோவில் வந்து இறங்கினார். அவர் மனைவி ஆள் கூப்பிடப் போன நேரத்தில், சொன்னபடியே தானாகவே ஏற ஆரம்பித்துவிட்டார். நாலாவது மாடித் திருப்பத்தில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. தண்ணீர்க் குடத்தோடு பின்னால் ஏறி வந்த ரோஸிதான் முதலில் பார்த்தாள். குடத்தை வைத்துவிட்டு அவர் தலையை மடியில் தாங்கிக்கொண்டு கத்தினாள். சுகிர்தா ஓடி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மாத்திரைப் பை அவர் மணிக்கட்டில் மாட்டியபடியே இருந்தது.

அன்றைக்கு சுகிர்தா சாப்பிடவில்லை. மும்தாஜ் கொண்டுவந்த டப்பா திறக்காமலே கிடந்தது.

“கண்ணு இருந்தப்போ அந்த மெஷின் சரியாத்தான் சொல்லுச்சு சிஸ்டர். படி இருக்கிறவரைக்கும் ஆபரேஷன் பிரயோஜனமில்லைன்னு சொல்லுச்சு. கண்ணு இல்லாததை வச்சு நான்தான் அவரை அனுப்பினேன்.”

“அவரு ஒரு வருஷமா பால்கனியைத் தாண்டல மேடம். அது உயிரா?” மும்தாஜ் எதிரே உட்கார்ந்தாள். “நீங்க அனுப்பினது தப்பில்ல. திரும்பி வந்த இடம்தான் தப்பு. அதை ஆபரேஷன் பண்ணவருகிட்ட சொல்லுங்க. அவருக்குத் தெரியுமா, தான் தச்ச ஆளு எங்க போய்ச் சேர்றாருன்னு?”

சுகிர்தா அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டாள். துறைக்கு எழுதவில்லை. தசரதனுக்கு அறுவை செய்த டாக்டர் கிளாரன்ஸுக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினாள். நடந்ததை மட்டும் எழுதினாள். எத்தனை படி, எந்தத் திருப்பம், எத்தனை மணி.

ஞாயிற்றுக்கிழமை காலை சர்ச்சுக்குப் போன வெள்ளைச் சட்டையோடே அவர் வந்துவிட்டார். ஐம்பத்தெட்டு வயது, கனத்த உடம்பு, முழங்கால் வலி. சுகிர்தா தடுத்தும் கேட்காமல் படி ஏறினார். மூன்றாவது மாடியில் நின்றார். நாலாவது மாடித் திருப்பத்தில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே விட்டார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“பிரேதப் பரிசோதனையை நானே நின்னு பார்த்தேன்” என்றார் மூச்சு அடங்கியதும். “என் தையல் ஒண்ணுகூடப் பிரியல. நல்லாத் தச்சிருந்தேன். பின்னே ஏன் போனாரு, ஏன் போனாருன்னு அன்னிலருந்து யோசிச்சேன்.” மேலே இன்னும் இருந்த படிகளைப் பார்த்தார். “வீட்டுக்குப் போங்கன்னு சிரிச்சுட்டே எழுதிக் கொடுத்தேன் டாக்டர். வீடு எங்க இருக்குன்னு கேக்கல.”

“இனிமே கேளுங்க சார்” என்றாள் சுகிர்தா.

திங்கட்கிழமை அவர் தன் வார்டில் ஒரு தாளை ஒட்டினார். லிஃப்ட் ஓடாத கட்டடத்தில் இரண்டாவது மாடிக்கு மேல் வீடு என்றால், இதய அறுவை செய்த யாரையும் டிஸ்சார்ஜ் செய்ய மாட்டேன். ஒரு நோயாளியை எப்போது வீட்டுக்கு அனுப்புவது என்பது டாக்டரின் முடிவு. எந்த இயக்குநரும் அதில் தலையிட முடியாது. இரண்டே வாரத்தில் முழங்கால் அறுவை செய்கிறவர்களும், நுரையீரல்காரர்களும் அதே தாளை ஒட்டினார்கள். ஜெகதா ஒவ்வொரு வார்டாகப் போய், யார் யார் எந்த நகரில் எந்த மாடி என்று டாக்டர்களுக்கு எடுத்துச் சொன்னாள். சொல்ல வெட்கப்பட்டவர்களையும் சொல்ல வைத்தாள்.

படுக்கைகள் நிறைந்தன. குணமானவர்கள் எழுந்து நடந்து, கேரம் ஆடி, பக்கத்துப் படுக்கைக்காரரோடு சண்டை போடுகிற அளவுக்குத் தேறியும் வீட்டுக்குப் போகவில்லை. புதிதாக வந்தவர்களுக்கு இடமில்லை. ஐந்தாவது வாரம் ஒரு பெரிய மனிதரின் தம்பிக்கே படுக்கை கிடைக்காமல் போனதாகப் பேப்பரில் வந்தது. அன்று மாலையே சேதுராமன் போன் செய்தார்.

“லிஃப்ட் ஆளுங்க நாளைக்கு வர்றாங்க” என்றார். குரலில் களைப்பு. அதற்கு அடியில் வேறு ஏதோ ஒன்றும் இருந்தது. கொஞ்சம் நிம்மதி மாதிரி. “எந்த பிளாக்ல ஆரம்பிக்கட்டும்? எஃப்தானே?”

சுகிர்தா கையிலிருந்த பட்டியலைப் பார்த்தாள். எஃப் பிளாக்குக்குத் திரும்ப முடியாமல் மருத்துவமனையில் இருப்பவர்கள் பதினோரு பேர். டி பிளாக்குக்குப் பதினேழு.

“டி-யில ஆரம்பிங்க சார். அடுத்து ஏ. மூணாவது எஃப்.”

பக்கத்தில் நின்ற மும்தாஜ் ஏதோ சொல்ல வாயெடுத்து, பட்டியலை எட்டிப் பார்த்து, பேசாமல் இருந்துவிட்டாள். அவளுடைய சி பிளாக் ஒன்பதாவதாக இருந்தது.

எஃப் பிளாக் லிஃப்ட் ஓட ஆரம்பித்த நாலாம் நாள் ரோஸிக்கு வலி எடுத்தது. நல்ல பகல் பன்னிரண்டு மணி. ஏழாவது மாடியிலிருந்து ஒரு நிமிஷத்தில் கீழே வந்து, ஆம்புலன்ஸில் ஏறி, சிக்கலில்லாமல் பெண் குழந்தை பெற்றாள். ஐந்தாம் நாள் தடுப்பூசி போடக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு வந்தாள். கூடவே ஜெகதா, குழந்தைக்குத் தானே தைத்த மஞ்சள் சட்டையோடு.

குதிகாலில் ஒரு சொட்டு எடுத்து ஆயுள்மானியில் வைத்தார்கள். குழந்தை வீறிட்டு அழுதது. சீட்டு வந்தது. மும்தாஜ் வாசித்தாள். “எண்பத்தொன்னு.”

முகவரியை எடுத்த பிறகு, ஆபரேஷன் சீட்டு வேலையில் குழந்தைகளை ஆயுள்மானியில் வைக்கவே நேரமில்லாமல் போயிருந்தது; அந்தப் பதிவேட்டில் அதுவரைக்கும் அப்படியொரு எண் எழுதப்பட்டதே இல்லை.

ரோஸி சீட்டை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். “எண்பத்தொன்னா? எங்கம்மா நாப்பத்தொம்போதுல போயிட்டாங்க. இது நெசமா டாக்டரம்மா?”

ஜெகதாவும் மும்தாஜும் சுகிர்தாவின் முகத்தையே பார்த்தார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பெண் அந்தத் தாளைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருப்பாள்.

“நீ எங்க குடியிருக்கேன்னு அந்த மெஷினுக்குத் தெரியாது ரோஸி” என்றாள் சுகிர்தா. “தெரியாததாலதான் அப்படிச் சொல்லுது.”

ரோஸியின் முகம் மாறியது. “அப்போ பொய்யா?”

“இன்னிக்குப் பொய்தான். அதை நெஜமாக்கணும். லிஃப்ட் வந்ததுல கொஞ்சம் நெஜமாயிருக்கு. எவ்வளவுன்னு சொல்ல இப்போ மெஷின் இல்ல. நாமதான் பார்த்துக்கணும்.” சுகிர்தா குழந்தையை வாங்கித் தோளில் போட்டுத் தட்டினாள். “தண்ணி லாரி இப்பவும் மூணு மணிக்குத்தான் வருதா?”

“மூணு மணிக்குத்தான். பச்ச உடம்போட நான்தான் எறங்கிப் போறேன். அவரு அந்நேரத்துக்கு மார்க்கெட்டுக்குக் கெளம்பிடுவாரு.”

குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு சுகிர்தாவின் காதோரம் மூச்சு விட்டது. அவள் ஒரு கையால் குழந்தையைத் தாங்கியபடியே, இன்னொரு கையால் மேசையிலிருந்த வெள்ளைத் தாளைத் தன் பக்கம் இழுத்தாள்.

“சிஸ்டர்,” என்றாள், “பெரிய ஆஸ்பத்திரியில பிரசவ வார்டுல டிஸ்சார்ஜ் எழுதுற தலைமை டாக்டர் இப்ப யாரு?”